தற்காலிகப் பந்தலும் பேனரும்: ஒரு நகராட்சி எந்த விதியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்?

எங்கள் தெருமுனையில், நடைபாதையில் பதித்த சிமென்ட் கற்களுக்கு நடுவே ஒரு குழி இருக்கிறது. ஒரு சாண் அகலம், ஒரு முழ ஆழம். தை மாதத்தில் ஒரு திருமண வரவேற்புப் பேனருக்காகக் கடப்பாரையால் கல்லைப் பெயர்த்து, சவுக்குக் கம்பம் நட்ட குழி அது. மூன்றாம் நாளே பேனரைக் கழற்றிவிட்டார்கள். பிளக்ஸைத் தள்ளுவண்டிக்காரர் ஒருவர் வெயிலுக்கு மறைப்பாகக் கேட்டு வாங்கிப் போனார். கம்பங்களைப் பந்தல்காரர் ஏற்றிச் சென்றார். குழியை மூட மட்டும் யாரும் வரவில்லை. ஆடி மாதக் கோயில் திருவிழாவுக்கு அலங்கார வளைவு கட்ட வந்தவர்கள் அதே குழியில் கம்பத்தை இறக்கி, சுற்றிலும் செங்கல் துண்டுகளை அடைத்தார்கள். ஐப்பசி மழையில் குழி நிறைந்து தரையோடு தரையாகத் தெரிந்தது. அதிகாலையில் பால் வாங்கப் போன எதிர்வீட்டு அம்மா கால் இடறி விழுந்து, ஒரு மாதம் கட்டிலை விட்டு இறங்கவில்லை.

தற்காலிக நிலப் பயன்பாட்டுக்கும் தற்காலிக விளம்பரங்களுக்கும் ஒரு நகராட்சி எப்படி விதி வகுக்க வேண்டும் என்பதை இந்தக் குழியிலிருந்தே யோசிக்கத் தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம். ஏனெனில் நம்மிடம் உள்ள விதிகள் பெரும்பாலும் நடுவதைப் பற்றியே பேசுகின்றன. பிடுங்குவதைப் பற்றியும் பிடுங்கிய பின் அந்த இடம் என்ன நிலையில் இருக்க வேண்டும் என்பதைப் பற்றியும் அவை மிகக் குறைவாகவே கவலைப்படுகின்றன. தற்காலிகம் என்ற சொல்லுக்கு முடிவு நாள் உண்டு என்பதுதான் பொருள். அந்த முடிவு நாளுக்கு யார் பொறுப்பு என்று சொல்லாத விதி, தற்காலிகத்தை ஒழுங்குபடுத்தும் விதி ஆகாது.

நகரின் முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) இந்தச் சிக்கலைத் தீர்த்துவிடும் என்று எதிர்பார்க்க முடியாது. 1971 ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் மற்றும் ஊரமைப்புச் சட்டமும், 2019 இல் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளும் நிலத்தைக் குடியிருப்பு, வணிகம், தொழில், நிறுவனம், வேளாண்மை என்று வகைப்படுத்துகின்றன. நிற்கப்போகும் கட்டடத்துக்கு அந்த வகைப்பாடு போதும். ஆனால் நம் ஊர்களில் நிலம் ஆண்டு முழுவதும் ஒரே வேலையைச் செய்வதில்லை. கோடை விடுமுறையில் பள்ளி மைதானத்துக்குப் பொருட்காட்சியும் ராட்டினமும் வருகின்றன. காலி மனை ஒன்று சித்திரையில் தர்பூசணிப் பந்தலாகவும், ஆவணியில் பிள்ளையார் சிலை விற்கும் இடமாகவும், ஐப்பசியில் பட்டாசுக் கடையாகவும், மார்கழி முடிவில் கரும்புக் கட்டுகள் சாய்த்துவைக்கும் இடமாகவும் மாறுகிறது. பங்குனியில் கட்சிகள் திறக்கும் நீர்மோர்ப் பந்தல் ஒரு வாரத்தில் வெறும் பானையும் கொடியுமாக நின்று, ஆனி வரை சாலையோரத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. முழுமைத் திட்டத்தின் வண்ண வரைபடத்தில் இடம் இருக்கிறது, நாள் இல்லை. நாளைப் பற்றிய விதியைத்தான் நகராட்சி மன்றங்கள் தனியே எழுத வேண்டியிருக்கிறது. அதற்கு நான்கு வழிகள் கண்ணுக்குத் தெரிகின்றன.

முதல் வழி, முழுத் தடை. ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் மக்கள் மனத்தில் எழுவது இதுதான். அந்தக் கோபம் நியாயமானது. 2019 செப்டம்பர் 12 அன்று சென்னை பள்ளிக்கரணையில், சாலையின் நடுத்தடுப்பில் கட்டியிருந்த ஒரு திருமணப் பேனர், இரு சக்கர வண்டியில் வேலை முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த 23 வயது மென்பொருள் பொறியாளர் மீது சரிந்து, நிலைகுலைந்து விழுந்தவர் மீது பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறியது. அன்று அந்தச் சாலையில் பேனரே இல்லாதிருந்தால் அந்தப் பெண் இன்று உயிரோடு இருப்பார். தடையைக் கோருவோரின் வாதம் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிடுகிறது, அதற்கு எளிதில் பதில் சொல்லிவிட முடியாது.

முழுத் தடை நடைமுறைக்கே ஒவ்வாதது என்று சொல்வதும் சரியன்று. பிரேசிலின் சாவ் பாவ்லோ நகரம், மேயர் ஜில்பெர்த்தோ காசாப் காலத்தில் 2006 இல் ‘தூய்மையான நகரம்’ என்ற பெயரில் ஒரு சட்டம் இயற்றி, 2007 தொடக்கத்திலிருந்து நகரெங்கும் வெளிப்புற விளம்பரங்களைத் தடை செய்தது. ஏறத்தாழ 15,000 விளம்பரப் பலகைகள் இறக்கப்பட்டன. கடையின் சொந்தப் பெயர்ப்பலகைக்கும் அளவு குறிக்கப்பட்டது: முகப்பு 10 மீட்டருக்குக் குறைவாக இருந்தால் பலகை 1.5 சதுர மீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது; 10 முதல் 100 மீட்டர் வரை என்றால் 4 சதுர மீட்டர். தடையின் வெற்றிக்குக் காரணம், அளவு நாடாவைக் கையில் எடுத்த எந்த அலுவலரும் ஐந்து நிமிடத்தில் ஆம், இல்லை என்று சொல்லிவிடக்கூடிய இந்தத் தெளிவுதான் என்று நான் நினைக்கிறேன். சில ஆண்டுகள் கழித்து அதே நகரம், பேருந்து நிழற்குடைகளிலும் தெருக் கடிகாரங்களிலும் ஒப்பந்த அடிப்படையில் விளம்பரத்தை மீண்டும் அனுமதித்தது. அதாவது, முழுத் தடையும்கூட இறுதியில் இடத்தைக் குறித்துக் கொடுப்பதில்தான் வந்து நின்றது.

ஆனால் சாவ் பாவ்லோ எதிர்கொண்டது முதன்மையாக வணிக விளம்பரத்தை. நம் தெருக்களில் நிற்பவற்றில் பெரும்பகுதி வணிகம் அன்று. காதணி விழா, மஞ்சள் நீராட்டு, குடமுழுக்கு, கண்ணீர் அஞ்சலி, பிறந்தநாள், மாநாடு. இவற்றை ஒரே அடியாகத் தடை செய்தால் முதலில் பணிபவர்கள் அஞ்சி நடக்கும் எளிய குடும்பங்கள். கடைசிவரை பணியாதவர்கள் செல்வாக்குள்ளவர்கள். பெருநிறுவனம் தொலைக்காட்சியில் விளம்பரம் செய்துகொள்ளும். தெருவில் புதிதாகத் தையற்கடை திறந்த பெண்ணுக்குத் தெருமுனையில் கட்டும் ஒரு பேனர்தான் விளம்பரம். தடை வேண்டும் என்று சொல்லும்போது இந்தப் பெண்ணையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

நம் நாட்டிலேயே தடையின் அனுபவம் இருக்கிறது. சமூக ஆர்வலர் ‘டிராபிக்’ ராமசாமி உள்ளிட்டோர் தொடர்ந்து நடத்திய வழக்குகளின் விளைவாக, 2018 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், அரசியல் கட்சிகள் பேனர் வைப்பதற்கு இடைக்காலத் தடை விதித்தது. ஒன்பதே மாதத்தில் பள்ளிக்கரணைச் சாவு நிகழ்ந்தது. அந்தப் பேனர் கட்சிப் பேனரா, திருமணப் பேனரா? அன்றைய ஆளுங்கட்சிப் பிரமுகர் ஒருவர் வீட்டுத் திருமணத்துக்காகக் கட்டப்பட்டது அது. தடையின் வாசகம் கட்சியைப் பார்த்தது. நடுத்தடுப்பில் நின்ற கட்டையைத் தடுக்கும் கை எங்கும் இருக்கவில்லை.

இங்கே ஒரு தவறான பாதையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பேனரில் யார் படம் இருக்கிறது, என்ன எழுதியிருக்கிறது என்பதை வைத்து விதி எழுதும் பாதை அது. 2017 அக்டோபரில் உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி ஒருவர், உயிரோடிருப்பவர்களின் படங்களைப் பேனர்களிலும் கட் அவுட்டுகளிலும் போடக் கூடாது என்று உத்தரவிட்டார். தனிமனிதத் துதிக்கு ஒரு முடிவு கட்ட வேண்டும் என்ற நல்ல நோக்கம் அதில் இருந்தது. அடுத்த மாதமே, நவம்பர் 25 அன்று, கோவை அவினாசி சாலையில் அலங்கார வளைவு எழுப்பப்பட்டிருந்த இடத்தில் நடந்த விபத்தில் ஓர் இளைஞர் உயிரிழந்தார். அந்த வளைவு எம்.ஜி.ஆர். நூற்றாண்டு விழாவுக்காகக் கட்டப்பட்டது. 1987 இல் மறைந்த தலைவரின் விழா அது. உயிரோடிருப்பவர் படத்துக்கான தடை அதைத் தொடவே தொடாது. இருட்டில் வண்டியில் வருபவருக்கு ஆபத்து, வளைவில் இருக்கும் முகத்தால் அன்று, சாலைக்குள் இறங்கியிருக்கும் சவுக்குக் கம்பத்தால்.

அமெரிக்காவில் இதே பாதையை எடுத்த ஓர் ஊர், நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. அரிசோனா மாநிலத்தின் கில்பர்ட் என்ற ஊர், தற்காலிகப் பலகைகளை அவற்றின் வாசகத்தை வைத்துப் பிரித்தது. கருத்தைச் சொல்லும் பலகை 20 சதுர அடி வரை எவ்வளவு நாள் வேண்டுமானாலும் நிற்கலாம். தேர்தல் பலகை, இடத்தைப் பொறுத்து 32 சதுர அடி வரை, தேர்தலையொட்டிய காலம் முழுவதும் நிற்கலாம். ஒரு நிகழ்ச்சிக்கு வழி காட்டும் பலகை மட்டும் 6 சதுர அடிக்குள், நிகழ்ச்சிக்கு 12 மணி நேரம் முன்பு வைத்து, முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். சொந்தக் கட்டடம் இல்லாமல், வாரந்தோறும் இடம் மாறி வழிபாடு நடத்திய ஒரு சிறிய திருச்சபைக்குத்தான் இந்த விதியால் பெருந்தொல்லை வந்தது. எல்லோரையும்விட வழிகாட்டிப் பலகை தேவைப்பட்டவர்களுக்கு எல்லோரையும்விடச் சிறிய பலகையும் குறைந்த நேரமும் கிடைத்தன. 2015 இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் அந்த ஊரின் விதி செல்லாது என்ற முடிவுக்கு வந்தார்கள். அதே வேளையில், அளவு, இடம், விளக்கு ஆகியவற்றை வைத்து எழுதும் விதிகளுக்கு இத்தீர்ப்பு தடையன்று என்றும் நீதிபதிகள் சிலர் தனியே விளக்கினார்கள்.

அமெரிக்கச் சட்டம் நமக்குப் பொருந்தாது. நம் அரசமைப்பின் 19 ஆம் பிரிவு பேச்சுரிமையையும் அதன் மேல் விதிக்கத்தக்க நியாயமான கட்டுப்பாடுகளையும் வேறு விதமாக வகுத்திருக்கிறது. ஆனால் கில்பர்ட்டின் அனுபவம் சட்டத்தைவிடப் பழைய ஓர் உண்மையைக் காட்டுகிறது: வாசகத்தைப் பார்த்து நாள் கொடுக்கத் தொடங்கினால், நாளைக் கொடுப்பவருக்கு வேண்டியவரின் வாசகமே அதிக நாள் நிற்கும். எந்த வழியைத் தேர்ந்தாலும் இந்தப் பாகுபாடு நுழையாமல் பார்த்துக்கொள்வது மன்றத்தின் முதல் கடமை.

இரண்டாம் வழி, இப்போது நம்மிடம் இருப்பது: ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே அனுமதி. டிஜிட்டல் பேனர்களுக்கான 2011 ஆம் ஆண்டு விதிகளைப் படித்துப் பார்ப்பவர்களுக்கு வியப்பு ஏற்படும். அவை அவ்வளவு மோசமானவை அல்ல; அவை சொன்னது இது. முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். நில உரிமையாளரிடமும் காவல் துறையிடமும் தடையின்மைச் சான்று பெற வேண்டும். அதிகபட்சம் 6 நாள்தான் வைக்கலாம். இரு பேனர்களுக்கிடையே 10 மீட்டர் இடைவெளி வேண்டும். கல்வி நிலையம், மருத்துவமனை, வழிபாட்டுத் தலம் ஆகியவற்றின் எதிரிலும் சாலைச் சந்திப்புகளின் அருகிலும் கூடாது. அனுமதி எண்ணைப் பேனரிலேயே அச்சிட வேண்டும். தொடர்ந்து வந்த உள்ளாட்சிச் சட்டங்களிலும் அனுமதி என்ற அச்சாணி மாறவில்லை. நிரந்தர விளம்பரப் பலகைகளைப் பொறுத்தவரை, சென்னை மாநகராட்சியின் 2003 ஆம் ஆண்டு உரிம விதிகளையும் அவற்றுக்கு ஆதாரமான சட்டப்பிரிவுகளையும் உச்ச நீதிமன்றம் 2008 இல் உறுதி செய்த பிறகு, நகரில் ஆயிரக்கணக்கான பலகைகள் இறங்கின. ஆகவே அனுமதி முறைக்குச் சட்ட வலிமை இல்லை என்று சொல்ல முடியாது.

வலிமை இருந்தும் ஏன் தெருவில் வேலை செய்யவில்லை? எனக்குத் தெரிந்து இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, நேரம். பிளக்ஸ் கடையில் காலையில் கொடுத்தால் மாலையில் பேனர் தயார். ரீப்பர் கட்டையில் சட்டம் அடித்து, இரவு பதினொரு மணிக்கு இரண்டு பையன்கள் ஒரு குட்டியானை வண்டியில் ஏற்றி வந்து, கட்டுக்கம்பியை முறுக்கி, அரை மணி நேரத்தில் நிறுத்திவிட்டுப் போய்விடுவார்கள். அனுமதிக்கோ மூன்று அலுவலகம் ஏற வேண்டும். சாவு விழுந்த வீட்டின் நிலையைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். காலை ஆறு மணிக்கு உயிர் போகிறது. எட்டு மணிக்குள் தெருவை அடைத்துச் சாமியானா போட்டாக வேண்டும். பத்து மணிக்குக் கண்ணீர் அஞ்சலிப் பேனர் நிற்கிறது. முன்கூட்டியே விண்ணப்பிக்கச் சொல்லும் விதி இந்த வீட்டைப் பிறக்கும்போதே குற்றவாளி ஆக்கிவிடுகிறது. மீறாமல் வாழவே முடியாத விதியை மீறுவதில் யாருக்கும் கூச்சம் இருப்பதில்லை. அந்தக் கூச்சமின்மை பிறகு மாநாட்டு வளைவுகளுக்கும் பரவுகிறது. இன்று எந்த ஊரிலும் பேனரின் அடிப்பகுதியைக் குனிந்து பார்த்தால் அச்சகத்தின் பெயரும் கைபேசி எண்ணும் இருக்கும், அனுமதி எண் இருக்காது.

இரண்டாவது காரணம், நிலம் யாருடையது என்ற குழப்பம். ஊரின் நடுவே போகும் பெரிய சாலை பெரும்பாலும் நெடுஞ்சாலைத் துறையுடையது. கம்பம் மின்வாரியத்துடையது. மேம்பாலத்தின் அடி ரயில்வேயுடையது. தேரடி கோயிலுடையது. நகராட்சியில் போய்க் கேட்டால் அது எங்கள் இடம் இல்லை என்ற பதில் வரும். இந்தப் பதிலின் விலையை 2024 மே 13 அன்று மும்பை காட்கோபரில் பார்த்தோம். மாநகராட்சி ஏற்கும் அதிகபட்ச அளவு 40 அடிக்கு 40 அடி. ரயில்வே காவல் துறையின் வசம் இருந்த இடத்தில் நின்றது 120 அடிக்கு 120 அடிப் பலகை. புயற்காற்றில் அது பெட்ரோல் நிலையத்தின் மேல் சரிந்து 17 பேர் இறந்தார்கள். அது நிரந்தரப் பலகைதான். இருந்தாலும் விதியின் கை நில எல்லையில் நின்றுவிடும்போது என்ன நடக்கும் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

மூன்றாம் வழி, இடத்தையும் நாளையும் அளவையும் முன்பே வரையறுத்து, அதற்குள் வருபவர் எவராயினும் கேள்வியின்றி அனுமதிப்பது. இதற்கு வெளிநாட்டு உதாரணம் தேவையில்லை. தீபாவளிப் பட்டாசுக் கடை போதும். 2008 ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகள் தற்காலிகப் பட்டாசுக் கடைக்குச் சொல்வதைக் கேளுங்கள்: கொட்டகை எரியாத பொருளால் ஆனதாக இருக்க வேண்டும், ஒரு கொட்டகைக்கும் அடுத்ததற்கும் குறைந்தது 3 மீட்டர் இருக்க வேண்டும், பாதுகாக்கப்பட வேண்டிய கட்டடங்களிலிருந்து 50 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும், கடைகள் ஒன்றையொன்று பார்த்து இருக்கக் கூடாது, எண்ணெய் விளக்கும் எரிவாயு விளக்கும் கூடாது, ஒரே தொகுப்பில் 50 கடைகளுக்கு மேல் கூடாது. யார் கடை, எந்தப் பட்டாசு நிறுவனம், கடைக்காரர் எந்தக் கட்சி என்று ஒரு சொல்லும் இல்லை. உரிமத்துக்கு முடிவு நாள் உண்டு. சென்னையில் தீவுத்திடல் ஐப்பசியில் பட்டாசுச் சந்தையாகிறது; பொங்கலையொட்டி அதே தீவுத்திடலில் சுற்றுலாப் பொருட்காட்சி தொடங்குகிறது. ஒரே நிலம், இரண்டு பயன்பாடு, இரண்டுக்கும் நாள் உண்டு. நகர மக்களுக்கு அது பழகியும் போயிருக்கிறது. கோவைக்கு வ.உ.சி. மைதானமும் மதுரைக்குத் தமுக்கமும் தலைமுறைகளாக இப்படித்தான் பயன்பட்டு வந்திருக்கின்றன.

தெரு வியாபாரிகளுக்கான 2014 ஆம் ஆண்டின் மத்தியச் சட்டமும் இந்த வழியில்தான் சிந்திக்கிறது. தடையற்ற விற்பனை மண்டலம், கட்டுப்பாடுள்ள மண்டலம், விற்பனை கூடாத மண்டலம் என்று நகரை மூன்றாகப் பிரிக்கச் சொல்கிறது. பிரிக்கும் குழுவில் வியாபாரிகளும் இருக்க வேண்டும் என்கிறது. தற்காலிகப் பந்தலுக்கும் பேனருக்கும் அதேபோல் மூன்று நிறங்களில் ஒரு வரைபடம் வரைந்தால் என்ன? நடுத்தடுப்பு, சந்திப்பு, சாலை வளைவு, மருத்துவமனை வாசல், மின்மாற்றியின் அருகு ஆகியவை சிவப்பு. அங்கே எவருக்கும் எந்நாளும் எதுவும் இல்லை. வாரத்தில் ஆறு நாள் வெறுமையாகக் கிடக்கும் சந்தைத் திடல், விடுமுறையில் பள்ளி மைதானம், பேருந்து நிலையத்தின் பின்புறம் ஆகியவை பச்சை. இடைப்பட்ட தெருக்களுக்குச் சாலை அகலத்தை வைத்து அளவு. நெடுஞ்சாலைத் துறையும் மின்வாரியமும் கோயில் நிர்வாகமும் ஒருமுறை உட்கார்ந்து வரைபடத்தில் கையெழுத்திட்டுவிட்டால், ஒவ்வொரு பேனருக்கும் தனித்தனிச் சான்று வாங்க அலைய வேண்டியதில்லை. வார்டுக்கு நான்கு இடங்களில் நகராட்சியே உறுதியான இரும்புச் சட்டங்களை நட்டுவைத்தால், கடப்பாரைக்கு வேலையும் இல்லை.

இந்த வழியின் பலவீனத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வார்டுக்கு நான்கு இரும்புச் சட்டங்கள் என்றால் நான்கையும் ஒரே கட்சிக்காரர் ஆண்டு முழுவதும் பதிவு செய்துவைத்துக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது. ஒருவர் அடுத்தடுத்து இரண்டு முறை பெறக் கூடாது என்ற விதியும், பதிவேடு நகராட்சி வாசலில் எல்லோர் பார்வைக்கும் தொங்க வேண்டும் என்ற விதியும் இதை ஓரளவு தடுக்கும். முற்றிலும் தடுக்கும் என்று நான் நம்பவில்லை. சிறிய பேரூராட்சிகளில் பச்சை நிறம் தீட்ட நிலமே இல்லாத நிலையும் உண்டு. பேருந்து நிற்கவே இடம் இல்லாத ஊரில் பந்தலுக்கு எங்கே போவது என்று கேட்பவர்களுக்கு, இப்போது அந்தப் பந்தல் பேருந்து நிற்கும் இடத்தில்தான் நிற்கிறது என்பதை மட்டுமே பதிலாகச் சொல்ல முடிகிறது.

நான்காம் வழி, சுய அறிவிப்பும் வைப்புத்தொகையும். வைப்பவர் கைபேசியிலேயே இடம், அளவு, நாள், தன் பெயர் ஆகியவற்றைப் பதிந்து, வைப்புத்தொகை கட்டி, உடனே ஓர் எண்ணைப் பெற்றுக்கொள்வார். அலுவலர் முன்கூட்டி ஒப்புதல் தர வேண்டியதில்லை. இது எட்டாக்கனி அன்று. 2,500 சதுர அடிக்குள் மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்டுவோருக்குச் சுயசான்றின் பேரில் உடனடி அனுமதி தரும் முறையைத் தமிழ்நாடு அரசு 2024 ஜூலையில் தொடங்கியிருக்கிறது. தலைமுறைக்கு நிற்கப்போகும் வீட்டுக்கே தந்த நம்பிக்கையை ஆறு நாள் பேனருக்குத் தருவதில் தயக்கம் இருக்க வேண்டியதில்லை. இந்த வழியில் எனக்குப் பிடித்தது வைப்புத்தொகைதான். ஏனென்றால் அது கழற்றும் நாளைப் பற்றிப் பேசுகிறது. பிடிக்காதது, இடத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை வைப்பவரிடமே விட்டுவிடுவது. பணம் உள்ளவர் வைப்புத்தொகையை இழக்கத் தயாராக நடுத்தடுப்பில் கட்டிவிட்டுப் போவார். போன உயிருக்கு வைப்புத்தொகை ஈடாகாது. 2021 ஆகஸ்டில் விழுப்புரத்தில் கொடிக்கம்பம் நட்டுக்கொண்டிருந்த 13 வயதுச் சிறுவன் மின்சாரம் தாக்கி இறந்தான். எந்தத் தொகையைப் பிடித்துவைத்திருந்தால் அது நடந்திருக்காது? கம்பியின் கீழே கம்பம் கூடாது என்பது முன்கூட்டியே சிவப்பாக இருக்க வேண்டிய இடம்; பின்னால் கணக்குப் பார்க்கும் விஷயமன்று.

எனவே நகராட்சி மன்றங்களுக்கு நான் பரிந்துரைப்பது மூன்றாம் வழியின் வரைபடத்தையும் நான்காம் வழியின் வைப்புத்தொகையையும் சேர்த்து எடுப்பதே. முழுத் தடையைச் சிவப்பு மண்டலத்துக்குள் மட்டும் வைத்து, அங்கே எந்த விலக்கும் இல்லாமல், முதலமைச்சர் வருகைக்கும் கோயில் திருவிழாவுக்கும் ஒன்றுபோல் நடைமுறைப்படுத்த வேண்டும். 2019 இல் மாமல்லபுரத்துக்குச் சீன அதிபரும் இந்தியப் பிரதமரும் வந்தபோது வரவேற்புப் பேனர் வைக்க மாநில அரசு உயர் நீதிமன்றத்தை அணுகியது. அரசுக்கு நீதிமன்றத்தின் அனுமதி தேவையில்லை, விதிகளைப் பின்பற்றினால் போதும் என்று நீதிமன்றம் சொன்னது. அரசே விதிக்குள் நிற்க வேண்டும் என்பதற்கு மேல் இதில் சேர்க்க ஒன்றுமில்லை.

சாவு வீட்டுக்கும் சுப நிகழ்ச்சிக்கும் விலக்கு வேண்டும். ஆனால் அந்த விலக்கை நிகழ்ச்சியின் பெயரால் எழுதக் கூடாது. சொந்த வீட்டின் சுவரிலோ வாசலிலோ, தரையில் குழி தோண்டாமல், இத்தனை அடிக்குள், இத்தனை நாளுக்குள் வைக்கும் எதற்கும் பதிவே வேண்டாம் என்று எழுதலாம். தையற்கடைப் பெண்ணும் அதற்குள் வந்துவிடுவார். தெருவை அடைக்கும் பந்தலுக்கு, போட்ட பிறகு அன்று மாலைக்குள் தெரிவித்தால் போதும் என்றும், ஆம்புலன்ஸ் நுழையும் அகலத்தை எப்போதும் விட்டே போட வேண்டும் என்றும் வைக்கலாம். பந்தல்காரர்களுக்கு அந்த அகலம் கண்ணளவிலேயே தெரியும். சொல்லிக் கேட்க யாரும் இல்லாததால்தான் விடுவதில்லை.

இவ்வளவையும் கண்காணிக்க ஆள் ஏது என்ற கேள்வி வரும். தேர்தல் அறிவிப்பு வெளியாகும் நாளை நினைத்துப் பாருங்கள். அரசு வளாகங்களில் 24 மணி நேரத்துக்குள், பிற பொது இடங்களில் 48 மணி நேரத்துக்குள், தனியார் இடங்களில் 72 மணி நேரத்துக்குள் கட்சி விளம்பரங்களை அகற்ற வேண்டும் என்பது தேர்தல் ஆணையத்தின் நெறிமுறை. ஆண்டுக்கணக்கில் அகற்ற முடியாதவை என்று சொல்லப்பட்டவை மூன்று நாளில் போய்விடுகின்றன. அதே நகராட்சி, அதே துப்புரவுப் பணியாளர்கள், அதே டிராக்டர். மாறுவது இரண்டுதான்: கெடு மணிக்கணக்கில் இருக்கிறது, தவறினால் பதில் சொல்ல வேண்டிய அலுவலரின் பெயர் குறிக்கப்பட்டிருக்கிறது. இவ்விரண்டையும் நகராட்சியின் துணைவிதியிலேயே எழுதிவிட்டால் புதிதாக ஆள் எடுக்க வேண்டியதில்லை. வார்டுக்கு ஒரு பெயர், பேனருக்கு ஒரு முடிவு நாள்.

அச்சகங்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பதிவு எண் இல்லாத பேனரை அச்சடிக்கக் கூடாது என்பதை அச்சகங்களின் வணிக உரிமத்தோடு கட்டிவிடுவது, தெருத்தெருவாக அலைவதைவிட எளிது; ஓர் ஊரில் பேனர்கள் ஆயிரம் இருக்கலாம், பிளக்ஸ் இயந்திரங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. 2022 ஜூலை முதல் 100 மைக்ரானுக்குக் குறைந்த பி.வி.சி. பேனர்களுக்கு நாடு முழுவதும் தடை இருக்கிறது. அதைக் கண்காணிக்க அச்சகத்துக்குப் போகும் அலுவலரே பதிவேட்டையும் பார்த்துவிட்டு வரலாம்.

வைப்புத்தொகையைத் திருப்பித் தருவதற்கு ஒரு நிபந்தனை போதும் என்று நினைக்கிறேன். பேனரோ பந்தலோ எடுக்கப்பட்டது என்பதற்கான படம் அல்ல, கம்பம் நின்ற இடத்தின் படம்: குழி மூடப்பட்டு, பெயர்த்த கல் பழையபடி பதிக்கப்பட்டு, அதன்மேல் ஒருவர் கால் வைத்து நிற்கும் படம். எங்கள் தெருமுனையில் அதற்குத் தேவைப்படுவது அரைச் சட்டி மணலும் இரண்டு சிமென்ட் கற்களும்தான்.